படகுக்காரி வரும் பக்கங்கள்

டீச்சர்: ...அதெல்லாம் நடக்காதுண்ணே. முதல்ல புத்தகம். அப்புறம்தான் அதோட டிவி சீரிஸ்.

லாரிக்காரர்: டீச்சர், வெள்ளிக்கிழமை வருது. நாளை மறுநாள். மதியம் ரெண்டு மணிக்கு.

டீச்சர்: வரட்டும். எங்க ஓடிப் போகப் போகுது?

லாரிக்காரர்: ஊரே உக்காந்து பாக்கும். நாம மட்டும் பக்கத்தைப் புரட்டிக்கிட்டு...

டீச்சர்: நாமன்னு சொல்லாதீங்க. புரட்டுறது நான். நீங்க சாஞ்சுக்கிட்டுக் கேக்கறீங்க.

லாரிக்காரர்: கையில ரெண்டு ஊசியைக் குத்தி வெச்சிருக்காங்க. நான் எப்படிப் புரட்டுறது?

டீச்சர்: எனக்கும்தான் குத்தியிருக்கு. நான் ஒத்தைக் கையால...

லாரிக்காரர்: உங்களுக்குப் பழக்கம். பேப்பர் திருத்தின கை.

நர்ஸ்: ஆரம்பிச்சாச்சா? மெஷின் ஓட ஆரம்பிச்சு இன்னும் பத்து நிமிஷம் ஆகல. அண்ணே, கைய மடக்காதீங்க, அது கத்தும்.

லாரிக்காரர்: அது கத்தினாப் பரவாயில்ல சிஸ்டர். பக்கத்து நாற்காலியில டீச்சர் கத்தறாங்களே, அதுக்கு என்ன பட்டன்?

நர்ஸ்: பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. எடை பாத்தீங்களா? திங்கக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சு போனதுக்கும் இன்னைக்கும் மூணு கிலோ ஏறியிருக்கு. அத்தனையும் தண்ணி. கிட்னி ரெண்டும் படுத்துடுச்சுன்னு தெரிஞ்சும் இப்படியா குடிப்பீங்க?

லாரிக்காரர்: வெயில் சிஸ்டர்...

நர்ஸ்: வெயிலு டீச்சருக்கு அடிக்கலையா? அவங்க ஒரு கிலோதான்.

டீச்சர்: கேட்டுக்கோங்க. சரி, எதுக்குண்ணே இவ்வளவு அவசரம்? மூணு தலையணைப் புத்தகம். ரெண்டை முடிச்சாச்சு, மூணாவதுல நூறு பக்கம்தான் பாக்கி. இத்தனை மாசம் பொறுத்தீங்க...

லாரிக்காரர்: அவசரம் ஒண்ணுமில்ல. அந்த டிவி சும்மா சுவத்துல தூசி பிடிச்சுக் கிடக்குது. எட்டு வாரம் வருதாம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை. நம்ம டயாலிசிஸ் நாளு, நம்ம நேரம். உங்களுக்குன்னே வெச்ச மாதிரி இல்ல?

டீச்சர்: ஒண்ணு கேக்கறேன். கதையில வர்ற கிழட்டு மந்திரவாதி, உங்க மனசுல எப்படி இருக்கான்?

லாரிக்காரர்: எங்க பழைய மெக்கானிக் மாதிரி. தாடி முழுக்க கிரீஸு. கோவம் வந்தா ஸ்பானரைத் தூக்கி அடிப்பான்.

டீச்சர்: ஒத்தைக்கண் தளபதி?

லாரிக்காரர்: என் மச்சான். அவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் பேசுவான்.

டீச்சர்: பாத்தீங்களா! உங்க தலைக்குள்ள நீங்களே ஒரு ராஜ்ஜியம் கட்டி வெச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை எவனோ ஒரு நடிகன் வெள்ளைத் தாடியோட வந்து நிப்பான். அவ்வளவுதான், உங்க மெக்கானிக் காலி. அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பி வரமாட்டான்.

லாரிக்காரர்: போனாப் போறான். நேர்ல பட்டதே போதும்.

நர்ஸ்: நான் முதல்ல பாத்துட்டுத்தான் படிப்பேன்.

டீச்சர்: சிஸ்டர், நீங்களுமா?

நர்ஸ்: முகம் தெரிஞ்சாத்தான் டீச்சர் பேரு குழம்பாது. இந்த மாதிரிக் கதையில எல்லாருக்கும் வாயில நுழையாத பேரு. அப்பனுக்கு ஒரு பேரு, பாட்டனுக்கு ஒரு பேரு, கத்திக்குக்கூடத் தனியா ஒரு பேரு.

லாரிக்காரர்: அப்படிச் சொல்லுங்க! குதிரைக்கு மூணு பேரு சிஸ்டர்.

டீச்சர்: குதிரை மூணு. ஆளுக்கு ஒரு பேரு. நீங்க நடுவுல தூங்கிட்டீங்க.

லாரிக்காரர்: காட்டைப் பத்தி மட்டும் ஆறு பக்கம். எவன்தான் தூங்க மாட்டான்? டிவியில ஒரு நிமிஷம். மரம், மூடுபனி, ஆந்தை... முடிஞ்சது.

டீச்சர்: அந்தக் காட்டுல ஆறாவது பக்கத்துல என்ன பண்ணீங்க? பயந்துபோய்க் கைய மடக்கி மெஷினைக் கத்த விட்டீங்க.

லாரிக்காரர்: அது... அது வேற. லைட்டு செத்துப்போன வண்டியைக் காட்டு ரோட்டுல ஓட்டினவனுக்குத்தான் அந்த இருட்டு தெரியும்.

டீச்சர்: டிவிக்காரனுக்கு உங்க இருட்டு தெரியுமா? அவன் அவனோட இருட்டைத்தான் காட்டுவான்.

நர்ஸ்: ம்ம்... அதுவும் சரிதான். அண்ணே, பிரஷர் பாக்கணும். ரெண்டு நிமிஷம் வாய்க்கு ஓய்வு குடுங்க.

லாரிக்காரர்: ...

நர்ஸ்: நல்லா இருக்கு. டீச்சர், நீங்க வாசிங்க. எனக்கும் காது இங்கதான் இருக்கு.

டீச்சர்: எங்க விட்டேன்... ஆங். 'மலையுச்சியில் முகாமிட்டிருந்த படை விடியலுக்காகக் காத்திருந்தது. தளபதி தன் ஒற்றைக் கண்ணால் பள்ளத்தாக்கை...'

லாரிக்காரர்: இருங்க இருங்க. மலையுச்சியா?

டீச்சர்: மலையுச்சிதான்.

லாரிக்காரர்: திங்கக்கிழமை ஆத்தங்கரையில நின்னாங்களே. பாலம் இடிஞ்சுடுச்சு, பின்னாடி டிராகன் துரத்துதுன்னு அந்த இடத்துலதானே நிறுத்தினீங்க?

டீச்சர்: ஏறிட்டாங்க.

லாரிக்காரர்: எப்படி ஏறினாங்க? எண்ணூறு பேரு, சாமான் வண்டி, அடிபட்டவங்க... பெரிய ஆறு வேற.

டீச்சர்: கதைதானேண்ணே. மந்திரவாதி கூட இருக்கான். ஏதாவது பண்ணியிருப்பான்.

லாரிக்காரர்: ஏதாவது பண்ணியிருப்பானா? கணக்கு டீச்சர் பேசற பேச்சா இது? நடுவுல வழியே போடாம விடையை மட்டும் எழுதினா உங்க பசங்களுக்கு மார்க் குடுப்பீங்களா?

டீச்சர்: ...எழுதினவரு விட்டுட்டாரு போல.

லாரிக்காரர்: அவரு விடல. இருபத்திரெண்டு வருஷம் லாரி ஓட்டினவன் நான். சரக்கு நடுவழியில இறங்கினா எனக்குத் தெரியாதா? எத்தனை பக்கம் தாண்டினீங்க?

டீச்சர்: ஒரு... ரெண்டு.

நர்ஸ்: டீச்சர், திங்கக்கிழமை நான்தானே அடையாளம் வெச்சு உங்க பையில போட்டேன்? இப்போ அடையாளம் பின்னட்டைக்கிட்ட வந்துடுச்சு.

டீச்சர்: நீங்க ஊசி குத்தற வேலையை மட்டும் பாருங்க சிஸ்டர். சரி... நாலு அத்தியாயம்.

லாரிக்காரர்: நாலு அத்தியாயமா! அடேயப்பா! ஒரு வரி விட்டாக் கதையே போச்சுன்னு என்னைப் பிடிபிடின்னு பிடிச்சது யாரு?

டீச்சர்: அது பூரா வெறும் சண்டைண்ணே. வெட்டினான், விழுந்தான். அதுல ஒண்ணுமில்ல.

லாரிக்காரர்: ஒண்ணுமில்லையா? அந்தப் படகுக்காரி ஒத்தை ஆளா நாப்பது தடவை துடுப்புப் போட்டு அத்தனை பேரையும் அக்கரை சேக்கறா. கடைசித் தடவை படகு மட்டும் வெறுமனே மிதந்து வருது. அதுவா ஒண்ணுமில்ல?

டீச்சர்: எந்தப் படகுக்காரி?

லாரிக்காரர்: அதான்... அந்த...

டீச்சர்: நான் முன்னாடியே முழுசாப் படிச்சவ. அவ வர்றதே நான் விட்ட அத்தியாயத்துலதான். அதுக்கு முன்னாடி கிடையாது, அப்புறமும் கிடையாது. நான் அவளைப் பத்தி ஒரு வார்த்தை வாசிக்கலையே.

நர்ஸ்: அய்யய்யோ. வசமா மாட்டினீங்க.

லாரிக்காரர்: சிஸ்டர், கால் இழுத்துப் பிடிக்குது. கொஞ்சம் பாருங்களேன்.

நர்ஸ்: எந்தக் கால்?

லாரிக்காரர்: எதுவா இருந்தாலும்...

டீச்சர்: அண்ணே. புத்தகம் உங்ககிட்ட இருக்கா?

லாரிக்காரர்: ...பொண்ணு வாங்கிக் குடுத்தா.

டீச்சர்: எவ்வளவு படிச்சிருக்கீங்க?

லாரிக்காரர்: முடிச்சுட்டேன்.

டீச்சர்: மூணையுமா?

லாரிக்காரர்: மூணையும். அது ஆச்சு, மூணு மாசம்.

டீச்சர்: மூணு மாசமா? தண்ணி குடிக்கக் கூடாத உடம்பை வெச்சுக்கிட்டு, ஐஸ் துண்டை வாயில அதக்கிக்கிட்டு நான் வாசிக்கறேன். நீங்க ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி 'அப்புறம்? அப்புறம் என்னாச்சு?'ன்னு...

லாரிக்காரர்: கோவிச்சுக்காதீங்க. அந்த 'அப்புறம்' பொய்யில்ல. நீங்க வாசிச்சா மறுபடி புதுசாத்தான் இருந்துச்சு.

டீச்சர்: ஐஸ் வைக்காதீங்க. வாயில இருக்கறதே போதும்.

லாரிக்காரர்: சரி, நீங்க ஏன் தாண்டினீங்க? ஆறு பக்கக் காட்டை ஒரு இலை விடாம வாசிச்ச ஆளு நீங்க.

டீச்சர்: பேச்சை மாத்தாதீங்க.

லாரிக்காரர்: சொல்லுங்க டீச்சர்.

டீச்சர்: ...இன்னைக்குள்ள முடிச்சுடணும்னு.

லாரிக்காரர்: இன்னைக்கு ஏன்? வெள்ளிக்கிழமை இருக்கு, திங்கக்கிழமை இருக்கு...

டீச்சர்: எனக்கு இருக்கு. உங்களுக்கு இல்லையே.

லாரிக்காரர்: ...சிஸ்டர்! சொல்லிட்டீங்களா?

நர்ஸ்: சத்தியமா நான் இல்ல. நீங்க சொல்லாதீங்கன்னதும் மூச்சுகூட விடல.

டீச்சர்: அவங்க இல்லண்ணே. அண்ணிதான். போன மாசம் எனக்கு போன் பண்ணாங்க. வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில சேந்துடுவீங்க, திங்கக்கிழமை ஆபரேஷன், அவங்க கிட்னி ஒண்ணை உங்களுக்கு வைக்கறாங்கன்னு... எல்லாம் சொன்னாங்க. 'டீச்சர்கிட்ட சொல்ல அவருக்கு வாயே வரமாட்டேங்குது'ன்னு ஒரே அழுகை.

லாரிக்காரர்: அவளுக்கு மட்டும் வாய் நல்லா வந்துடுச்சு.

டீச்சர்: ஏண்ணே சொல்லல?

லாரிக்காரர்: என்னத்தைச் சொல்ல? நான் வந்து பதினாலு மாசம். நீங்க ஆறு வருஷமாக் கிட்னிக்குப் பேரைப் பதிஞ்சு வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கீங்க. போன் அடிச்சா இன்னும் உங்க முகம் மாறுது, ஒருவேளை ஆஸ்பத்திரியிலருந்தோன்னு. உங்க முன்னாடி நின்னுக்கிட்டு, எனக்குக் கிடைச்சுடுச்சுன்னு...

டீச்சர்: நீங்க யாரையும் தள்ளிட்டுப் போகலையே. உங்களுக்குக் குடுக்க வீட்டுலயே ஆளு இருக்கு, பொருந்திடுச்சு. எனக்கு வரும்போது வரும்.

லாரிக்காரர்: மனசு கேக்கல டீச்சர்.

டீச்சர்: அண்ணி போனை வெச்சதும் நானும் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்துலதான். பொறாமையெல்லாம் இல்ல... சரி, ஒரு கால்பங்கு பொறாமை. கணக்கு டீச்சர் பொய் சொல்லக் கூடாது.

லாரிக்காரர்: கால்தானா? நானா இருந்தா முக்கால் வெச்சிருப்பேன்.

நர்ஸ்: அழ வைக்காதீங்க ரெண்டு பேரும். எனக்கு இன்னும் நாலு பேருக்கு ஊசி குத்தணும். கண்ணு தெரியணும்.

டீச்சர்: பாதிக் கதையோட உங்களை ஆபரேஷன் டேபிளுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்ல. அதான் தாண்டினேன். நான் சொல்லிட்டேன். இப்போ நீங்க சொல்லுங்க. படிச்சு முடிச்ச ஆளு எதுக்கு என்னை வாசிக்க விட்டீங்க? எதுக்கு சீரிஸ் பாருங்க, சீரிஸ் பாருங்கன்னு உயிரை எடுக்கறீங்க?

லாரிக்காரர்: விடுங்க டீச்சர்.

டீச்சர்: விடமாட்டேன். மெஷின்ல இன்னும் மூணரை மணி நேரம் காட்டுது. ஊசியோட எங்க ஓடப் போறீங்க?

லாரிக்காரர்: சிஸ்டர், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம்...

நர்ஸ்: நான் போகமாட்டேன். எனக்கும் தெரியணும்.

லாரிக்காரர்: ...நான் இங்க வந்த புதுசுல நீங்க எவ்வளவு நேரம் உக்காருவீங்க டீச்சர்?

டீச்சர்: எல்லாரும் உக்கார்ற மாதிரிதான். நாலு மணி நேரம்.

லாரிக்காரர்: சிஸ்டர்?

நர்ஸ்: ரெண்டரை. சில நாள் ரெண்டு. 'போதும், கழட்டிடுங்க'ம்பாங்க. நான் கெஞ்சுவேன், டாக்டர் திட்டுவாரு. இவங்க பைய எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க.

லாரிக்காரர்: அடுத்த தடவை வரும்போது முகம் உப்பி, நாலு படி ஏற முடியாம மூச்சு வாங்கிக்கிட்டு வருவீங்க.

டீச்சர்: அந்த நேரத்துல... மணி நகரவே நகராதுண்ணே. எதுக்கு இதெல்லாம்னு தோணும். வெளியில யாரு காத்திருக்கா எனக்கு? அதான் எந்திரிச்சுடுவேன்.

லாரிக்காரர்: தெரியும். அப்போதான் உங்க பையில அந்த முதல் புத்தகத்தைப் பாத்தேன்.

டீச்சர்: எழுத்தைப் பாத்தாலே தலைவலி வருதுன்னு சொல்லி, வாசிக்கச் சொன்னீங்க...

லாரிக்காரர்: எனக்கு ஒரு தலைவலியும் கிடையாது டீச்சர். அன்னைக்கு வாசிக்க ஆரம்பிச்சீங்க, நாலு மணி நேரமும் உக்காந்தீங்க. அதுலருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளும் முன்னாடி எந்திரிக்கல. வெள்ளிக்கிழமையிலருந்து கேக்கறதுக்கு நான் இருக்கமாட்டேன்... அந்த டிவியாவது ஒரு எட்டு வாரம் உங்களைப் பிடிச்சு உக்கார வைக்காதான்னுதான் பாத்தேன்.