பத்துக்கு எட்டு

இல்லம்மா, அவன் மூஞ்சி இருக்கட்டும். எடுத்துடாத. இன்னும் கொஞ்சம் சின்னதாக்கு, அவ்ளோதான். பேனரு மூலையில, மைக்செட்டுக்காரன் பேருக்குப் பக்கத்துல தள்ளி வுட்டுடு. ஸ்டாம்பு சைஸு போதும். கூலிங்கிளாஸா? அத வெயில்ல எடுத்தான்னு நெனச்சியா, ஸ்டூடியோவுக்குள்ள எடுத்தது. காதுல போன வச்சிக்கினு பேசுறானே, அந்த போனு அன்னைக்கு ரிப்பேரு. சார்ஜே ஏறல. அப்பவும் கலெக்டருகிட்ட பேசுறாப்பல நெத்திய சுருக்கிக்கினு நின்னான்.

அவன்தாம்மா ஆதிமூலம். என் மச்சான். எம் பொண்டாட்டி ரஞ்சிதத்துக்குக் கூடப் பொறந்த தம்பி. எங்காளுங்க சங்கத்துல துணைச் செயலாளரு. சங்கத்துல மொத்தமே பதினோரு பேரு, பதினோரு பேருக்கும் பதவி இருக்குது, உறுப்பினருன்னுதான் ஒருத்தனும் கெடையாது. வாட்சப்புல எனக்கு அஞ்சு பட்டம் அனுப்பியிருக்கான், எது புடிக்குதோ போட்டுக்க மாமான்னு. ராஜகிரியின் ராஜாளியாம். அந்த ராஜகிரிக் கோட்ட மேல பாதி படி ஏறிட்டு மூச்சு வாங்கி உக்காந்துட்டான்மா ஒருவாட்டி. சுத்திப் பாக்க வந்த வெளியூரு பொம்பளைங்க ரெண்டு பேரு கைத்தாங்கலா எறக்கிக் கொண்டாந்தாங்க. ராஜாளி! ஒண்ணும் போடாத. வெறும் பேரு.

ரஞ்சிதம் அவன் மூஞ்சியே பேனர்ல இருக்கக் கூடாதுன்னுதான் சொல்லி அனுப்புனா. அக்காளும் தம்பியும் பேசி பதினாலு மாசம் ஆவுது. அவன் வாசல்ல வந்து நின்னா இவ மொறத்த எடுத்துப் பொடைக்க ஆரம்பிச்சிடுவா, தவிடெல்லாம் அவன் வெள்ளச் சட்டமேல பறக்கும். நான்தான் போடச் சொல்றேன். அது ஒரு கதை.

இது ரஞ்சிதம். நல்லா இருக்காளா? இந்தப் பொடவ கலரு மட்டும் மாத்த முடியுமாம்மா? இதே பொடவ அவ ஓரகத்தியாண்ட இருக்குதாம், பேனரப் பாத்துட்டு எம் பொடவய எரவல் வாங்கிக் கட்டிக்கினான்னு ஊரெல்லாம் சொல்லுவாளாம். மயில் கழுத்துப் பச்ச வேணுமாம். ஆ, அதேதான். அட, நொடியில மாத்திட்டியே! தறி நெய்யிறவன் இதப் பாத்தான்னா அழுதுடுவான்.

இது நானு. ஆதார்ல எடுத்தது. தெரியும்மா, களவாணி மாதிரிதான் இருக்கேன். நெல்லு கமிட்டில மூட்ட தூக்குறவன் மூஞ்சி வேற எப்பிடி இருக்கும்? இருபத்தெட்டு வருஷமா இந்தத் தலைமேல போகாத நெல்லு செஞ்சில கெடையாது. வேணாம், தலமயிரக் கறுப்பாக்காத. கமிட்டில நாளைக்கு ஓட்டித் தள்ளிடுவானுங்க. தனகோட்டின்னு பேரு மட்டும் போடு, தாத்தான்னு பக்கத்துல. ஆமா, தாத்தா. தாத்தான்னு கொஞ்சம் பெருசாவே போட்டுக்க.

இந்தக் கார்ல சாஞ்சிக்கினு நிக்கிறவன் எம் பையன் சிவசங்கரு. காரு நம்முளுது இல்ல. யாருதுன்னு அவனுக்கும் தெரியாது. மண்டகப்பட்டு கோயிலாண்ட நின்னுச்சாம், சாஞ்சிக்கினு எடுத்தானாம். நம்பர் பிளேட்ட வெட்டிடு, கார்க்காரன் பேனரப் பாத்துட்டு வந்து கேக்கப் போறான்.

நடுவுல கொழந்த. பெருசா. இன்னும் பெருசா. ஐயோ பாரேன் அந்தச் சிரிப்ப. அது சிரிப்பில்லம்மா, வாய்வுன்னு ரஞ்சிதம் சொல்றா. இருக்கட்டும், சிரிப்புன்னே வச்சிக்குவோம். பேரு பிரம்மி. எங்களுக்கும் அந்தப் பேரு புதுசுதான். நாங்க அங்காளம்மான்னு வக்கணும்னு இருந்தோம். சம்மந்தி வூட்ல நைனாருங்க. ஜெயினும்மா. வடக்கத்திக்காரங்க இல்ல, நம்மூரு ஜெயினு, நமக்கெல்லாம் முன்னாடியிலேருந்து இங்கியே இருக்கிறவங்க. அவங்க வழியில மொதப் பொண்ணுக்கு இந்தப் பேரு. ஒரு வாரம் நான் பிராமி பிராமின்னு கூப்ட்டுக்கினு இருந்தேன், மறதிக்குக் குடுக்குற லேகியத்த கூப்புடுற மாதிரி இருக்குதுன்னு பையன் திட்டுனான்.

சம்மந்தி பேரு தர்மநாதன். போட்டோ குடுக்கல, பேரு போடுங்க போதும்னாரு. தங்கமான மனுஷன், ஆனா பொழுது சாஞ்சா பச்சத் தண்ணிதான், சோறு கெடையாது. அதனால ஞாயித்துக்கெழம, கொழந்தய வூட்டுக்கு அழைக்கிற விசேஷத்துல, சாயங்காலம் அஞ்சு மணிக்கே பந்தி முடிச்சாவணும். எங்காளுங்க பந்திக்கே ஒம்போது மணிக்குத்தான் வருவானுங்க. அதுவும் கறி இல்ல. உருளக்கெழங்கும் இல்லம்மா, மண்ணுக்குக் கீழ வெளையறது எதுவும் ஆகாதாம். வெங்காயம் இல்லாத சாம்பாரு. கெடா வெட்டுன்னு கேள்விப்பட்டு தளவானூர்லேருந்து ஒரு டெம்போவே வருது, அவங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு எனக்கு டென்ஷன். அதனால பேனர்ல விருந்துன்னு எளுதாத. அன்புடன் அழைக்கிறோம்னு மட்டும் போடு. வந்தப்புறம் மாட்டிக்கட்டும்.

இது மாப்ள, கோமதேஷு. திண்டிவனத்துல ஒரு ஜவுளிக்கடையில சுடிதார் செக்‌ஷன்ல இருக்கான். எம் பொண்ணு அதே கடையில பில்லு போட்டுக்கினு இருந்தா. பில்லுக்கும் செக்‌ஷனுக்கும் நடுவுல நடந்ததுதான் இதெல்லாம்.

கொழந்தையோட அம்மா போட்டோவா? தரேன்மா. இருக்குது. அதுக்கு முன்னாடி அந்த ரோஜாப்பூவ இந்தப் பக்கம் தள்ளு, சம்மந்தி பேர மறைக்குது பாரு.

தரேன்னு சொன்னேன் இல்ல. போன்ல இல்லம்மா. எங்கிட்ட இல்ல. உங்கிட்டதான் இருக்குது. நெசமாத்தான், உன் கம்ப்யூட்டர்லியே இருக்கும். நீ இங்க புதுசா? பேரு இன்னா? ஷோபனாவா. உனக்கு முன்னாடி கண்ணாடி போட்ட ஒருத்தரு இருந்தாரே, ஆங், அவரு வேலையில இருந்தப்ப போட்டது. போன வருஷம். கலைமதின்னு தேடிப் பாரு. பத்துக்கு எட்டு பேனரு. கலைமதி, கண்ணீர் அஞ்சலி.

ஐயோ, எழுந்திரிக்காதம்மா, ஒக்காரு. நல்லாத்தான் இருக்கா. கல்லுக் கணக்கா இருக்கா. அந்தக் கொழந்தய அவதானே பெத்தா. உயிரோட இருக்கிற பொண்ணுக்குத்தான் போட்டோம்.

கேளு. ரெண்டு பேரும் சொல்லாம கொள்ளாம போயி கல்யாணம் கட்டிக்கினு ஸ்டேஷன்ல வந்து நின்னாங்க. மேஜரு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அவங்க வூட்ல, மாமிசம் துன்ற வூட்டுப் பொண்ணான்னு மூணு நாளு அழுதுட்டு, நாலாம் நாளு சேத்துக்கினாங்க. எங்க வூட்லதான் ரோஷம். மூட்ட தூக்குறவனுக்கு இன்னா ரோஷம்னு கேளு. கமிட்டில வேல முடிஞ்சி டீ குடிக்கப் போனா, அஞ்சாறு பேரு பேச்ச நிறுத்திட்டு கிளாஸையே பாப்பானுங்க. அதுக்குத்தான் ரோஷம். ஆறாவது நாளு, பஸ் ஸ்டாண்டு முனையில, டீக்கடைக்கு எதுருல, பேனரு நின்னுச்சு. அன்பு மகள் கலைமதி அகால மரணம். தோற்றம், மறைவு, எல்லாம் தேதியோட.

ரஞ்சிதத்துக்குச் சொல்லவே இல்ல. காலையில மொத பஸ்ஸுல தளவானூர்லேருந்து வந்த வசந்தா, ரஞ்சிதத்தோட சிநேகிதி, அதப் பாத்துட்டா. அவளுக்கு இன்னா தெரியும்? மாலய வாங்கிக்கினு மார்ல அடிச்சிக்கினே தெருவுல வரா, ஏய் ரஞ்சிதம், உன் பொண்ணு போயிட்டாளேடின்னு. இவ பல்லு வெளக்கிக்கினு இருந்தா. வாயில நொரையோட, தலய முடியாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனாம்மா. நான் பின்னாலியே ஓடுறேன், ஏய் சும்மாடி, சும்மா வச்சதுடின்னு கத்துறேன். அவ காதுல வுழல. பேனரப் பாத்தா. அப்பிடியே வுழுந்துட்டா.

சோடா அடிச்சி உக்கார வச்சோம். கண்ணு அந்த போட்டோவுலியே நிக்குது. அப்ப அவ இடுப்புல இருந்த போனு அடிக்குது. எடுத்துப் பாத்தா, செத்தவ. இவ போன காதுல வச்சா, ஒலகமே கேக்குற மாதிரி அந்தப் பக்கத்துலேருந்து கத்துறா. யம்மா, நான் செத்துட்டனாமே, உனக்குத் தெரியுமா? கடையில எல்லாரு போனுக்கும் வந்துடுச்சி, மொதலாளி ஒரு நாளு லீவு குடுத்துட்டாரு, போயி உன் எழவுக்கு இருந்துட்டு வான்னு. அது போவட்டும், போயும் போயும் அந்தப் போட்டோவா? எண்ண வழிய ரெட்ட சடையோட, பன்னெண்டாவது ஹால் டிக்கெட் போட்டோ! நைனாவக் கேளும்மா, சுடிதார்ல எடுத்த போட்டோ வூட்ல எத்தினி இருக்குது, வேற கெடைக்கலியான்னு கேளு. அவ்ளோதான். வச்சிட்டா.

அதுக்கப்புறம் ரஞ்சிதம் அழுதா பாரு. பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு.

எவன் வச்சான்னு கேட்டா. ஆதிமூலம் நெஞ்ச நிமித்திக்கினு முன்னால வந்தான். நான்தான் வச்சேன், நம்ம மானத்துக்காக வச்சேன்னான். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் அந்தத் தவிடு. சங்கத்துலயும் அத வச்சித்தான் துணைச் செயலாளரு ஆனான்.

இப்ப கொழந்த பொறந்துட்டுது. ரஞ்சிதம் ஆஸ்பத்திரிக்குப் போனா, வந்தா, போனா, வந்தா. நான் கேட்டுக்கு வெளியவே நின்னேன். கலைமதி ஞாயித்துக்கெழம கொழந்தயத் தூக்கிக்கினு நம்ம வூட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்கா. ஆனா ஒரு கண்டிஷன். அதே எடம், அதே சைஸு, அதே போட்டோ. செத்தேன்னு பாத்த சனமெல்லாம் பொழச்சேன்னு பாக்கணும். அப்பால இன்னொண்ணும் சொன்னாளாம். பேனருக்கு மாமா போவக்கூடாது, நைனாவே போவணும். நைனான்னா நானு. ரஞ்சிதத்துக்கு அது புரியல. ஏன்டி, வச்சவன் அவன், எடுத்துக் கட்ட இந்த மனுஷனான்னு கேட்டிருக்கா. அதுக்குக் கலைமதி சிரிச்சாளாம்.

தேடுறியா? தேடு, மெதுவா தேடு.

பேனரு அடிக்கக் குடுத்த அன்னைக்கு ஆதிமூலம் ஊர்லியே இல்லம்மா. மாமியார் வூட்ல இருந்தான், பேனரு நின்னப்புறந்தான் வந்தான். அந்த ஹால் டிக்கெட் போட்டோ இந்த ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதான், என் பர்சுல. பாஸான அன்னைக்கு வச்சேன், அப்பிடியே கெடந்துச்சு. இங்கதான் வந்தேன், இந்த ஸ்டூலுலதான் உக்காந்தேன். பர்சுலேருந்து எடுத்து நான்தான் குடுத்தேன், திருப்பி வாங்கிக்கவே இல்ல. வாசகமும் நான்தான் சொன்னேன், அந்தக் கண்ணாடிக்காரரு ஒருவாட்டி திரும்பிப் பாத்துட்டு அடிச்சாரு. எவன் வச்சான்னு ரஞ்சிதம் கேக்குறா, அந்த நேரத்துல இந்தப் பைத்தியக்காரன் மார தட்டிக்கினு முன்னால வந்து நின்னான். நானு வாய மூடிக்கினேன். பதினாலு மாசமா ரஞ்சிதம் கையால ஒழுங்கா துன்னுக்கினு இருக்கேன்.

அவளுக்கு அன்னைக்கே தெரியும்மா, கலைமதிக்கு. போட்டோவப் பாத்தவொடனே தெரிஞ்சிருக்கும். அம்மாகிட்ட இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல.

வந்துடுச்சா? இப்பிடித் திருப்பு. ஆமா. அதேதான்.

ஒண்ணும் இல்லம்மா, தூசி. நீ பாரு வேலய. அந்த மாலய எடுத்துட முடியுமா, போட்டோ பாழாவாம? வெளக்கையும் எடுத்துடு. கீழ தேதி இருக்குது பாரு ரெண்டு. மறைவு மட்டும் அழி. தோற்றம் இருக்கட்டும்.