மிஞ்சிய அரைப் பக்கம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள்.

“அந்த வெள்ளைக்கார அம்மா என்ரை வாக்குமூலத்திலை நாலு பக்கத்தை வெட்டிப்போட்டா அக்கா,” என்றாள் இளையவள், பெருமையாக.

“போர்க்குற்ற வழக்குப் பேசுறவ எண்டாய்? வெட்டு வாங்கவோ போனனீ?”

“ரெண்டு ஜெனரல்மாரைச் சிறைக்கு அனுப்பினவ அக்கா. ஒவ்வொரு வரிக்கும், ‘இதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?’ எண்டு பொறுமையாக் கேட்டா. சண்டை முடிய எங்களை அடைச்சு வைச்ச முகாமிலை மற்றச் சனம் கண்டதையும் நான் ‘கண்டனாங்கள்’ எண்டுதானே இவ்வளவு காலமும் சொன்னனான்.”

“அப்ப என்னதான் மிச்சம்?”

“அரைப் பக்கம். அதை எந்த வக்கீலாலும் உடைக்கேலாதாம்.”

“அதிலை என்ன கிடக்கு?”

“பிறகு திரும்பி வராத என்ரை மனுசனை பஸ்ஸிலை ஏத்தினது. ஏத்தின ஆமிக்காரன்ரை முகம்.”