சாதிக்காய்க் கிடங்கின் அந்துப்பூச்சி

இந்தப் பூச்சியைப் பார்த்தவர்கள் பலர், சார். பார்த்ததாக யாருக்கும் நினைவிருக்காது. இறக்கையை விரித்தால் கட்டைவிரல் நக அகலம். முன்னிறக்கை சாம்பல் நிறம், குறுக்கே மங்கலாக ஒரு கோடு. பின்னிறக்கை வெளுப்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் மட்டும் இருப்பதல்ல. களமசேரி மாவு மில்லிலும் பார்த்திருக்கிறேன். சூடான ஊர் எதுவானாலும் சாக்கோடு கப்பலேறிப் போய்ச் சேர்ந்துவிடும்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், ஜூ டவுனில் உள்ள கிடங்கில் பதினொரு வருஷமாக இதற்கு மருந்து வைப்பவன் நான். தொண்ணூற்றேழு மார்ச்சில் வெளிநாடு போன சாதிக்காய் லோடு ஒன்று திரும்பி வந்தது. இரண்டே இரண்டு பூச்சிதான் காரணம். முதலாளி திட்டவில்லை. "வைத்தீ, தனக்கு வயசாயோ?" என்று மலையாளத்தில், உனக்கு வயசாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதம் மறுபடி மருந்து வைத்தேன். ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டி, கதவைப் பூட்டி, விளிம்பெல்லாம் களிமண் பூசினேன். ஐந்து நாள் திறக்கக் கூடாது. நடுவில் திறந்தால் விஷப்புகை போய்விடும், முட்டைகள் பிழைத்துக்கொள்ளும்.

கை கழுவும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. காய் பொறுக்கும் பேச்சி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கண்ணயர்ந்திருக்கிறாள்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன்."

குரல் தெளிவாகத்தான் கேட்டது. களிமண் ஈரம் காயவில்லை. ஒரு நிமிஷத்தில் பெயர்த்திருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். நான் திறக்கவில்லை.

அவள் புருஷன் அழகர், பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், தெருவிலிருந்து வந்தான். முற்றத்து வாசலிலேயே மறித்தேன்.

"அண்ணே, பேச்சியக் கண்டீங்களா?"

"படகு ஜெட்டிப் பக்கம் போனாளே."

"சொல்லாமப் போவ மாட்டாளே."

இன்னும் இரண்டடி வந்திருந்தால் அவள் தட்டுவது அவனுக்கும் கேட்டிருக்கும். தோளில் கைபோட்டு முக்குச் சாயாக்கடைக்குக் கூட்டிப் போனேன். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து கதவில் காது வைத்தேன். சத்தம் இல்லை.

ஐந்தாம் நாள் திறந்ததும் முதலில் சாக்குகளைத்தான் உதறிப் பார்த்தேன். உயிரோடு ஒரு பூச்சி கிடையாது. பிறகுதான் ஸ்டேஷனுக்கு, உங்களுக்குச் சொல்லியனுப்பினேன்.

பேச்சி, அழகர் இரண்டு பேர்மேலும் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சார். அழகரையே கேளுங்கள். பாவம், பசியோடு இருக்கிறானே என்று அன்றைக்குச் சாயாவோடு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தவன் நான்.