இருபத்து நாலு டிகிரி ஓவன்

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மணிமங்கலம் வழியாகத் தாம்பரம் போகும் பஸ்ஸில் கேட்டது. முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர்.

"பெயிண்ட் காய வைக்கிற ஓவனாண்ட நின்னுகினு எனக்கு வேர்த்து ஊத்துது. நீ இன்னாடான்னா இருபத்து நாலு டிகிரிதான் கீது, ஏத்துன்ற," என்றார் கையெல்லாம் பெயிண்ட் கறையாக இருந்தவர்.

பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் ரூம்காரர் குரலைத் தாழ்த்தினார். "எங்க யூனிக்ஸ் கம்ப்யூட்டர்ல, சூடு பாக்குற ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஃபைல் உண்டாக்கி, நம்பர் குடுக்கணும்பா. ஓவன் ஃபைலுக்கு எங்க ஏசி ரூம் சென்சார் நம்பரைக் குடுத்துட்டேன்."

"அப்பால சூடு ஏறுதுன்னு போன் பண்ணியே?"

"ஓவன் ஏன் சூடாவலன்னு ஸ்கிரீனைப் பாக்க பத்து பேர் உள்ள வந்துட்டாங்க. ஆள் சேரச் சேர இருபத்தெட்டு வரைக்கும் போச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அவங்க டீக்குப் போனதும் மறுபடி எறங்கிடுச்சு. அப்பதான் எனக்கே புரிஞ்சுது."

"நாளைக்கு இன்னும் நாலு பேரைக் கூப்டு. பெயிண்ட் சூப்பரா காயும்."

"சும்மா இருப்பா."

"சரி, மேனேஜராண்ட சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்றது? மொதல்ல கை தட்டுனதே அவருதான்."