மாமி வீட்டுக்குப் போனால்தான் ஓடும் கார்

"கார் நல்லா இரிக்கணுமெண்டா கிழமைக்கு ஒருக்கா மாமி வீட்ட போகணும் மச்சான்."

காத்தான்குடியில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இருவரில் கட்டையானவர் இப்படிச் சொன்னதும், நான் போனைப் பையில் போட்டுவிட்டேன்.

"நீ முதல்ல இதச் சொல்லு. ஜேர்மன் காரை வீட்ட வெச்சிட்டு ஏன் பஸ்ஸில வாறாய்?" என்றார் நெட்டையானவர்.

"அது டீசல் மச்சான். பெரிய ரோட்டில மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிரும், அவ்வளவு இழுவை! ஆனா டவுனுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினா புகை போற பில்டர்ல கரி அடைச்சிரும். நீட்டுக்கு விரட்டினாத்தான் அந்தக் கரி எரியுமாம்."

"அதுக்கு மாமி வீடு என்னத்துக்கு?"

"பொலன்னறுவைக்குப் போய்த் திரும்பினாச் சரியாம். மாமிட வீடும் அங்கதானே! முந்தி பெருநாளைக்கு மட்டும்தான் போவம். இப்ப ஒவ்வொரு ஞாயிறும் போறம். பொஞ்சாதிக்குச் சரியான சந்தோசம்."

"ஆரு சொன்ன உனக்கு இதெல்லாம்?"

"மெக்கானிக்தான். நல்ல கெட்டிக்காரன். ஒரு கிழமை தவறினாலும் எஞ்சின் போயிரும் எண்டிட்டான்."

"எந்த மெக்கானிக்?"

"வேற ஆரு, என்ட பொஞ்சாதிட தம்பிதான்."

கல்லடிப் பாலம் முடியும்வரை நெட்டையானவர் யன்னல் பக்கம் திரும்பி வாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

"குளிருதா மச்சான்?" என்று கேட்டு, கட்டையானவர் எட்டி யன்னலைச் சாத்திவிட்டார்.