வகுப்பில தந்த சொல்லு

நிரஞ்சனி: ...இருமலெண்டு மூண்டு கிழமையா பிரெஞ்சு வகுப்புப் பக்கம் வரேல்லை. போனில ஒருக்காவும் இருமுறீரில்லையே, அஞ்சலீனா?

அஞ்சலீனா: சின்னவன் நித்திரையக்கா. அடக்கிக்கொண்டு நிக்கிறன்.

நிரஞ்சனி: இருமலை அடக்கிற கெட்டிக்காரி. சரி, வீட்டுப்பாடம் சொல்லத்தான் எடுத்தனான். டீச்சர் ஒரு சொல்லுத் தந்தவ. எக்ஸ்ப்ளுவாத்தசியோன். அதை வைச்சு ஒரு வசனம் எழுதவேணும்.

அஞ்சலீனா: அப்பிடியெண்டா?

நிரஞ்சனி: சுரண்டல். ஒருத்தருக்கு வேற போக்கிடம் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டு, அவரைப் பிழிஞ்சு வேலை வாங்கிறது.

அஞ்சலீனா: லேசுதானே. முதலாளி தொழிலாளியைச் சுரண்டுறார். முடிஞ்சுது.

நிரஞ்சனி: அது எல்லாரும் எழுதுவினம். தெரிஞ்ச ஆளைப் பற்றி எழுதட்டாம்.

அஞ்சலீனா: மொன்றியலில எனக்கு ஆரையக்கா தெரியும்? அன்டன் அண்ணை, றோசா அண்ணி, அவையின்ர ரெண்டு பிள்ளையள். பேந்து நீங்கள்.

நிரஞ்சனி: யோசிச்சுப் பாரும்...

அஞ்சலீனா: அக்கா... சொந்தக்காரருக்கு அந்தச் சொல்லு வராதுதானே?

நிரஞ்சனி: ஏன் கேக்கிறீர்?

அஞ்சலீனா: சும்மா, வசனத்துக்கு. ஒரு பிள்ளையெண்டு வையுங்கோவன். அண்ணைதான் கனடாவுக்குக் கூப்பிட்டவர். விடிய எழும்பினால் சமையல், பிள்ளையள், உடுப்பு, கூட்டித் துடைக்கிறது... ஆக்கள் வந்தால் 'எங்கட வீட்டுப்பிள்ளை' எண்டுதான் அண்ணி சொல்லுவா. அன்பாத்தான் சொல்லுவா.

நிரஞ்சனி: வந்த ஆக்களோட இருந்து அந்தப் பிள்ளையும் சாப்பிடுமோ?

அஞ்சலீனா: ...பேந்து. குசினியில.

நிரஞ்சனி: வகுப்புக்குப் போகுமோ?

அஞ்சலீனா: போனதுதான். சின்னவனுக்கு பிள்ளை பாக்கிற கார்டெரியில இடம் கிடைக்கேல்லையெண்டு நிப்பாட்டிப்போட்டினம். வேலையெண்டு சொல்லேலாதக்கா, வீட்டுக்கு உதவிதானே. ஆனா... பகல் முழுக்கக் கதைக்க ஒரு ஆளில்லை. பனியைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். நேற்று வாசிங் மெசினோட கதைச்சனான்.

நிரஞ்சனி: என்ன கதைச்சனீர்?

அஞ்சலீனா: வகுப்பில படிச்ச பிரெஞ்சுதான். என்ர பேர் அஞ்சலீனா, நான் கர்க்லாண்டில இருக்கிறன் எண்டு... சிரிக்காதேங்கோ.

நிரஞ்சனி: நான் சிரிக்கேல்லை.

அஞ்சலீனா: இந்த வசனம் வேண்டாமக்கா. அண்ணிக்குத் தெரிஞ்சால் மனம் நோகும். நீங்கள் எழுதினதைச் சொல்லுங்கோ, அதையே எழுதிறன்.

நிரஞ்சனி: நான் ஒண்டும் எழுதேல்லை. டீச்சர் அப்பிடி ஒரு சொல்லும் தரேல்லை, அஞ்சலீனா. ரொக்ஸ்பரோவில மாமி வீட்டில நாலு வருசம் நானும் 'எங்கட வீட்டுப்பிள்ளை'யாத்தான் இருந்தனான். அப்ப என்னட்ட ஒருத்தரும் போன் எடுத்துக் கேக்கேல்லை.