பேண்டேஜ் துணி பறந்த சாயங்காலம்

ஓடுகிறோம். பாய்லர் கொட்டகையின் தகரம் கிழிகிறது. முதலில் ஒரு கிறீச். பிறகு விடாத படபடப்பு. ராஜபாளையத்துக்கு வெளியே, வெளுப்புப் பட்டறையின் துணி காயப்போடும் களம். எண்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி, வியாழக்கிழமை. களம் முழுக்கக் கொடிகளில் பேண்டேஜ் துணி காய்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி.

"ஏட்டி, துணிய எடுங்க! காத்து வருது!"

மாமாவின் குரல். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பட்டறை மேஸ்திரி. என்னையும் தங்கச்சி பாக்கியத்தையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். "தாய்மாமன் நான் இருக்கேன், பிள்ளைகளுக்கு என்ன பயம்?" என்று அம்மாவிடம் சொன்னவர்.

நாங்கள் ஒதுங்கவில்லை. துணியை உருவினோம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குடோனுக்கு ஓடினோம். குடோனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு துளி சேறு பட்டாலும் கட்டு மொத்தமும் திரும்பி வந்துவிடும். களத்தில் எப்போதும் வெளுப்புத் தண்ணீர்ச் சேறு; அதனால் ஈரக்காலோடு யாரும் உள்ளே போவதில்லை. வாசலிலேயே துணியைக் கொடுத்துவிடுவோம். அன்றும் எங்கள் கால்கள் வாசலில் நின்றுவிட்டன. உயிருக்குப் பயந்து ஓடிவந்தும் நின்றுவிட்டன. எங்கள் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது.

பாக்கியம் மட்டும் கேட்டாள். "மாமா, செத்த நேரம் உள்ள நின்னுக்கிடுதோம்."

"ஈரத்தோட வராதிய! அந்தச் சுவரோரமா நில்லுங்கட்டி!"

ஷட்டர் இறங்கியது. இன்றைக்கும் கடைவீதியில் யாராவது கடை சாத்தினால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். துணி உள்ளே. மாமா உள்ளே. நாங்கள் பெண்கள் எல்லாம் வெளியே, சுற்றுச்சுவரை ஒட்டி.

சுவர் விழுந்தபோது பெரிய சத்தம் போடவில்லை. மூட்டை இறக்கியது போல ஒரே ஒரு தொம். நான் ஓரத்தில் நின்றேன், பிழைத்தேன். பாக்கியத்துக்கு இடுப்புவரை செங்கல். தலையில் ரத்தம். அமுக்கிப் பிடிக்கத் துணி வேண்டும். ஷட்டரைத் தட்டுகிறேன். "மாமா, தெறங்க! பாக்கியம் கெடக்கா!" திறக்கவில்லை. தாவணியைக் கிழித்தேன். அதில் சேறு சொட்டியது.

பிறகு காற்று நின்றது. நிமிர்ந்து பார்க்கிறேன். இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஊர் அவ்வளவு அழகாக இருந்தது. நாங்கள் எடுக்காமல் விட்ட துணியெல்லாம் ஊருக்குள் பறந்துபோயிருந்தது. மில் புகைபோக்கி, சர்ச் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, கரண்டுக் கம்பி, எல்லாவற்றிலும் நீள நீளமாக வெள்ளை. சாயங்கால வெயில் பட்டு மஞ்சளாக, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேற்கே மலை எட்டித் தொடுகிற தூரத்தில். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் பொடிசாகத் தெரிந்தது. அந்த வானத்துக்கு வெட்கமே இல்லை. எனக்கு அதன்மேல் இன்றும் ஆத்திரம்.

பாக்கியமும் பார்த்தாள். "எம்புட்டு அழகா இருக்குக்கா" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

மாமா போலீசிடம் சொன்னார்: "உள்ள வாங்கன்னுதான் கூப்ட்டேன். பிள்ளைக வேடிக்கை பாக்க நின்னுட்டுதுக." நான் இல்லையென்று கத்தினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துத் தலையாட்டினாள். பதினாறாம் நாள் கோடித்துணி அவர்தான் எடுத்துவந்தார். நான் தொடவில்லை.

அன்று போனவை: கொட்டகைத் தகரம். இரண்டு தென்னை. களத்துத் துணியில் பாதி. சுவரடியில் மூன்று பேர். சாந்தி. முனியம்மா. என் தங்கச்சி பாக்கியம், வயது பதினேழு. அப்புறம் என் அம்மா. அப்புறம் ஒரு தாய்மாமன். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.